முருகைக்கு நான் வைத்த காவல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே, வீட்டுத் தொட்டியில் முருகை வளர்ப்பதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது.

பச்சைப் பொய். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எங்கள் கூடத்தில் இருக்கிற கண்ணாடித் தொட்டிக்கு இரண்டு முழத்துக்கு உள்ளே நான் வரக்கூடாது என்று தீர்ப்பாகி எட்டு மாதம் ஆகிறது. தீர்ப்புச் சொன்னவள் என் மகள். கூடத்தைத் தாண்டிக் குசினிக்குப் போவதென்றால்கூட எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தான் நடக்கிறேன். என் வீட்டில், நான் கட்டின கூடத்தில்.

முருகை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்களுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரித் தலையை ஆட்டுவார்கள். கடலுக்கு அடியில் வளர்கிற பவளத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. செத்துக் காய்ந்தால் முருகைக்கல். என் அப்பா மாட்டுக்கொட்டிலை முருகைக்கல்லில் கட்டினார். அவருடைய அப்பா கக்கூசைக் கட்டினார். மிஞ்சியதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வெற்றிலையில் தடவிச் சப்பித் துப்பினார்கள். இப்படி முருகையைச் சுட்டும் மிதித்தும் துப்பியும் வாழ்ந்த குடும்பத்தில் ஒரு பெண் பிறந்து, அதே சாமானுக்கு நீல வெளிச்சம் போட்டு, காலையில் முகம் கழுவ முன்னமே அதன் முன்னால் போய் நின்று சுகம் விசாரிக்கிறாள் என்றால், அந்தப் பாவமெல்லாம் திரும்பி எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டது என்று தான் நான் நினைத்தேன்.

நான் தண்ணீர் பம் திருத்துகிறவன். உடுவிலில் வெங்காயம் செய்கிறவர்களுடைய மோட்டர் நின்றுவிட்டால் என்னைத் தான் தேடுவார்கள். நான் திருத்திய பிறகு வேறு ஆளைத் தேடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வெளியில் சொல்வது வழக்கம். உள்ளதைச் சொன்னால், பள்ளிக்கூடம் தான் என்னை விட்டது.

மகள் என் மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தால் மணந்து பார்த்துவிட்டுத் தான் வாயில் வைப்பாள். இரண்டு வருடத்துக்கு முன்னம் கொழும்பில் ஒரு கடையில் நகத்தளவு முருகைத் துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். கடலில் இருந்து பிடுங்கினால் சட்டப்படி குற்றமாம். இவை தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்த பரம்பரை. அவளுடைய கைக்கு அவை வளர்ந்தன. ஒன்று என் உள்ளங்கையளவு காளான் மாதிரி விரிந்து நின்றது. பச்சைப் பொத்தான்கள் மாதிரி ஒரு கூட்டம் கல்லை மூடிப் படர்ந்தது. விரல் விரலாக ஒன்று தண்ணீரில் ஆடியது. இவற்றோடு செம்மஞ்சள் நிற மீன் இரண்டு, வரி போட்ட இறால் ஒன்று, கண்ணாடியைத் துடைக்கச் சம்பளமில்லாமல் நாலைந்து நத்தை.

போன வருடம் அவளுக்குக் கொழும்பில் மூன்று மாதப் பயிற்சி வந்தது. தொட்டியை யாரிடம் விடுவது என்று ஒரு கிழமை யோசித்தாள். வீட்டில் நான் ஒருவன் இருப்பது அவளுடைய யோசனைக்குள் வரவே இல்லை. காரணம் இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சுற்றுலா போனாள், தன்னுடைய முயற்குட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு. நான் கூட்டுக் கதவைப் பூட்ட மறந்தேன். எங்கள் நாய் மறக்கவில்லை. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்குப் பிறகு பதினைந்து வருடமாக அவள் என்னிடம் ஒரு குண்டூசியைக்கூட ஒப்படைத்ததில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் தொட்டி என்னிடம் வந்தது. நான் மனதுக்குள் துள்ளிக் குதித்தேன். வெளியில், "சரி சரி, பாப்பம்" என்றேன், பெரிய மனிதன் மாதிரி.

கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினாள். நாலு வரி. காலையில் வற்றின அளவுக்கு வடித்த நல்ல தண்ணீர் விட வேண்டும். மீனுக்கு ஒரு சிட்டிகை சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி கடல் தண்ணீர் மாற்ற வேண்டும். நாலாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு: வேறு ஒன்றும் உள்ளே போட வேண்டாம்.

சுன்னாகம் ஸ்ரேசனில் ரெயிலில் ஏறிவிட்டு யன்னலால் தலையை நீட்டினாள்.

"அப்பா, தாளிலை இருக்கிறதை மட்டும் செய்யுங்கோ. உங்கடை மூளையைப் பாவிக்காதேங்கோ."

"பாவிச்சால் என்ன?"

"முயல்," என்றாள். ரெயில் வெளிக்கிட்டது.

முதல் மூன்று கிழமை நான் ஒரு மூளையும் பாவிக்கவில்லை. எனக்கு அது கஷ்டமான வேலையும் அல்ல. எல்லாம் செழித்து நின்றன. அப்போது தான் பக்கத்து வீட்டுப் பென்சன்காரர் வந்தார்.

அந்த மனிதருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருவரையும் திட்டமாட்டார். பாராட்டுவார். அது தான் ஆபத்து. எங்கள் முருங்கையைப் பார்த்து, என்ன காய் காய்த்திருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த நாள் ஒரு சொட்டுக் காற்று இல்லாமல் மரம் நடுவால் முறிந்தது. முன்வீட்டாரின் புது மோட்டார்சைக்கிளைத் தடவிப் பார்த்தார். அது அந்தக் கிழமையே மதிலில் ஏறியது. ஊரில் அவர் வருவதைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். அவர் வந்து தொட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தார்.

"என்ன வடிவு தம்பி," என்றார். "உந்தக் காளான் மாதிரி நிக்கிறது என்னமாய்ப் பரந்து கிடக்கு. ஒரு குறை சொல்லேலாது."

மூன்றாம் நாள் காளான் சுருங்கிவிட்டது. உள்ளங்கையளவு விரிந்து நின்றது ஒரு கட்டைப் பெருவிரல் மாதிரிக் குறுகி, மேலே மெழுகு பூசின மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது. அதன் மேல் தூசி படிந்தது. தொட்டால் செத்த ஆளின் தோல் மாதிரி இருந்தது.

நாவூறு, கண்ணூறு, செய்வினை என்று எவராவது கதைத்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். அது ஊருக்குத் தெரியும். அதனால் என் மனைவி கையில் செத்தல் மிளகாயும் உப்பும் வைத்துக்கொண்டு தொட்டியை மூன்று தரம் சுற்றியபோது நான் கதிரையில் இருந்து சிரித்தேன்.

"உனக்கு விசர். கல்லுக்கு நாவூறு படுமே?"

"பட்டுக் கிடக்கே. பாருங்கோவன்."

"அந்த மனிசன் சும்மா ஒரு கதை சொன்னவர்."

"முருங்கைக்கும் சும்மா தான் சொன்னவர்."

குசினியில் மிளகாயைக் கொளுத்தினாள். நாவூறு பட்டிருந்தால் மிளகாய் மணக்காது என்பது சட்டம். அன்றைக்கு மூன்று வீட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தும்மினார்கள். அதாவது நாவூறே இல்லை. அந்த மிளகாய் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டது. அதை நானும் நம்பவில்லை, கொளுத்தினவளும் நம்பவில்லை. பகலெல்லாம் மனைவியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நாள் காலையில், பம்முக்கு வால்வு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லித் தெல்லிப்பழைப் பக்கம் தகடு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனேன்.

எங்களுடைய ஆட்கள் வீடு கட்டினால் வளவு மூலையில் ஒரு செப்புத் தகடு தாழ்ப்பார்கள். மண்ணுக்குள்ளே கிடந்து அது காவல் காக்கும். எங்கள் வளவிலும் ஒன்று கிடக்கிறது. மதிலைத் தாண்டி மாம்பழம் களவு போவதை அது ஒரு நாளும் தடுத்ததில்லை. அது வேறு கதை.

தகட்டுக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு? வீட்டுக்கோ, கடைக்கோ, வாகனத்துக்கோ?"

"கடலுக்கு."

நிமிர்ந்து பார்த்தார். "வள்ளமோ?"

"வள்ளமில்லை ஐயா. கடல் தான். வீட்டுக்குள்ளை கிடக்கு. மூண்டடி நீளம்."

எத்தனையோ விசரரைக் கண்ட மனிதர் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நீளம் பிரச்சினையில்லை. ஆரின்ரை பேரிலை எழுத?"

மகளின் பெயரும் நட்சத்திரமும் சொன்னேன். தொட்டி அவளுடையது தானே. தீப்பெட்டியளவு தகட்டில் ஆணியால் கீறித் தந்தார். வடகிழக்கு மூலையில் தாழ்க்க வேண்டும், வெளியில் தெரியக்கூடாது, ஒருவருக்கும் சொல்லக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தொட்டி மணலைக் கிளறி வடகிழக்கு மூலையில், கல்லுக்குப் பின்னால், தகட்டைத் தாட்டேன். தாளில் நாலாவது வரி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. 'உள்ளே போட வேண்டாம்' என்று தான் எழுதியிருக்கிறது, நான் போடவில்லை, தாழ்க்கிறேன் என்று அதற்கு நியாயம் சொன்னேன். ஐந்தாம் வகுப்புக்கு அது பெரிய நியாயம்.

கூத்து என்னவென்றால், அந்தத் தகடு வேலை செய்தது. ஐந்தாம் நாள் காளானுடைய மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று போய், முன்னதைவிடப் பெரிதாக விரிந்தது. நான் தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் முருகைக்கு மருந்து கண்டுபிடித்த முதல் மனிதன். யாரிடமும் சொல்லமுடியாமல் இரண்டு நாள் வயிறு ஊதிக்கொண்டு திரிந்தேன். மனைவிக்குத் தன் மிளகாய் தான் வேலை செய்தது என்று எண்ணம். சிரித்துக்கொண்டு விட்டுக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை இறால் செத்தது. வயது போய்விட்டது என்றேன். பிறகு நத்தைகள் கண்ணாடியில் இருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து குப்புறக் கிடந்தன. நத்தைக்குப் புத்தி இல்லை என்றேன். பிறகு பச்சைப் பொத்தான்கள் மூடின. ஒன்று, இரண்டு, ஒரு பக்கம் முழுக்க. விரல் முருகை கழுத்து முறிந்த கோழி மாதிரித் தொங்கியது. மீன் இரண்டும் மட்டும் கொழுத்துப்போய், வாசலில் நின்று ஊர் விடுப்பு விசாரிக்கிற ஆட்கள் மாதிரி இந்தச் சாவுகளைப் பார்த்துக்கொண்டு திரிந்தன.

மகள் போனில் படம் காட்டச் சொல்வாள். கமராவைக் காளான் பக்கம் மட்டும் பிடித்தேன். அது தான் கடைசி வரை ஓரளவு தாக்குப்பிடித்தது. இரண்டு கிழமையாக அவள் ஒரே காளானைத் தான் பார்த்தாள். பிறகு ஒரு நாள்,

"மற்றப் பக்கம் திருப்புங்கோ அப்பா."

"வெளிச்சம் காணாது பிள்ளை."

"திருப்புங்கோ."

திருப்பினேன். போன் அறுந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். அறுந்திருக்கவில்லை.

"எத்தினை நாளாய் இப்பிடி?"

"இப்ப தான் பிள்ளை. ஒரு... கிழமை."

"உள்ளுக்கை ஏதும் போட்டனீங்களோ?"

"நானோ? ஒண்டும் போடேல்லை."

இப்படித் தான் நான் இரண்டாவது தரமும் முயலைக் கொன்றேன்.

அன்றைக்கு விசாரணை தொடங்கியது. விசாரணை செய்கிறவனும் நான், களவெடுத்தவனும் நான். அலுமாரியில் இருந்த சோதனைப் பெட்டியை எடுக்கச் சொன்னாள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு, துளி மருந்து விட்டு, நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அனுப்பினேன். உப்புச் சரி. சுண்ணாம்புச் சத்துச் சரி. அழுக்குச் சரி. எல்லாம் சரியென்று வர வர அவளுக்குக் குழப்பம், எனக்கு வேர்வை. அந்தப் பெட்டியில் செம்புக்குச் சோதனை இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்திருக்கும்.

வெக்கையாக இருக்கலாம் என்றாள். மேசை விசிறியைத் தொட்டிக்குப் பூட்டிவிட்டு நானும் மனைவியும் ஓலை விசிறியோடு இருந்தோம். என் கையில் கிறீஸ் இருந்திருக்கலாம் என்றாள். கையைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. பட்டினத்தில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு கடைக்காரனிடம் போனேன். அவன் நான் சொல்லி முடிக்க முன்னம் ஒரு போத்தலை எடுத்து நீட்டினான். என்ன வருத்தத்துக்கு என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் அண்ணை" என்றான். எல்லாத்துக்கும் ஒரே போத்தலில் மருந்து இருந்தால் அவன் ஏன் அந்தக் கடையில் இருமிக்கொண்டு இருக்கிறான் என்று யோசித்துவிட்டு வந்துவிட்டேன். போன் வீடியோவில் ஒரு வெளிநாட்டான் ஒரு மணித்தியாலம் முருகையைப் பற்றிக் கதைத்தான். எனக்கு விளங்கினது அவனுடைய தொப்பி மட்டும் தான். இந்த ஞானிகள் எல்லாரையும் விட, மணலுக்குள் இருந்த என் தகட்டில் தான் எனக்கு நம்பிக்கை இருந்தது. இவ்வளவு சாவுக்குள்ளும் காளான் நிற்பது அதனால் தான் என்று நினைத்தேன். ஒரு தகடு காணாதோ, இன்னொன்று தாழ்ப்போமோ என்றுகூட யோசித்தேன். அவ்வளவு பெரிய மூளை இது.

கடைசியாகக் கடல் தண்ணீரில் சந்தேகம் விழுந்தது. தண்ணீர் தருகிறவன் என் குருநகர்க் கூட்டாளி. கடலட்டை பிடிக்க முக்குளிக்கிறவன், ஆழக் கடலில் பிளாஸ்ரிக் கானை நிறைத்துக்கொண்டு வருவான். தண்ணீர் பழுது என்று நான் போனில் சொன்னதும், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். முக்குளித்து முக்குளித்துக் காது பாதி அவிந்தவன். அதனால் அவன் இரகசியம் கதைத்தாலும் சந்திக்குக் கேட்கும்.

"ஆரின்ரை தண்ணி பழுது?"

"நான் சொல்லேல்லை மச்சான். சோதினை செய்து பாத்தது."

"சோதினை என்ன சொல்லுது?"

"தண்ணி நல்லம் எண்டு."

"பேந்து ஏன்ரா என்னைக் கூப்பிட்டனி?"

குனிந்து தொட்டிக்குள் பார்த்தான். கனநேரம் பார்த்தான். கடலுக்கு அடியில் பார்க்கிறவன் பார்க்கிற விதம் வேறு. நாங்கள் வடிவைப் பார்ப்போம், அவன் எது இல்லை என்று பார்ப்பான்.

"இறால் எங்கை?"

"செத்துப் போச்சு."

"நத்தை?"

"அதுவும்."

"மீன் மட்டும் கொழுத்துப்போய் நிக்குது." தாடியைச் சொறிந்தான். "எங்கடை றோலர்ப் படகுக்கு அடியிலை சிவப்புப் பெயின்ற் பூசியிருக்கிறம், கண்டிருக்கிறாயோ?"

"ஓம்."

"என்னத்துக்குப் பூசுறம்?"

"வடிவுக்கு."

"விசரா. கடலுக்கடியிலை நிண்டு ஆர் வடிவு பாக்கிறது? அதுக்குள்ளை செம்பு கிடக்கு. சிப்பியும் பாசியும் வந்து ஒட்டினால் சாகட்டும் எண்டு பூசுறது. மீன் அதுக்குக் கீழையே சுகமா ஓடித் திரியும். உன்ரை தொட்டியும் இப்ப அப்பிடித்தான் கிடக்கு. உதுக்குள்ளை எங்கையும் செம்பு கிடக்கோ?"

அந்த நேரம் பார்த்து மனைவி தேத்தண்ணீரோடு வந்தாள்.

"மோட்டருக்குள்ளை... கம்பி இருக்கும்," என்றேன்.

"மோட்டர் மூடிக் கிடக்கு. நீ தானே மோட்டர்க்காரன்."

மனைவி என்னைத் தலையில் இருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "இஞ்சேருங்கோ," என்றாள். "உங்கடை காது ஏன் சிவக்குது?"

சேர்ட் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன். வடகிழக்கு மூலை. தகடு வெளியே வந்தது. தாட்டபோது தங்கம் மாதிரி மினுங்கினது, இப்போது கறுத்துப் பச்சை பிடித்து, ஓரம் அரித்து, பாதி எழுத்து இல்லாமல் போயிருந்தது. அந்த இல்லாமல் போன பாதி எங்கே போனது என்று கேட்பதற்குப் படிப்புத் தேவையில்லை. தொட்டி முழுக்கக் கரைந்து போயிருந்தது.

கூட்டாளி கதிரையில் விழுந்தான். சிரிப்பில் மூச்சு எடுக்க முடியவில்லை. ஆழக் கடலில் மூச்சை அடக்குகிறவன் எங்கள் கூடத்தில் மூச்சுத் திணறினான்.

"நாங்கள் மாதாவுக்கு நேத்தி வைச்சாலும் மெழுகுதிரியை வெளியிலை தானேடா கொளுத்திறம்," என்றான். "வள்ளத்துக்குள்ளை கொளுத்திறேல்லை."

மனைவி சிரிக்கவில்லை. "என்னை விசரி எண்டனீங்கள்," என்றாள். அவ்வளவு தான். தேத்தண்ணீரை அவனுக்கு மட்டும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மகள் அந்தச் சனிக்கிழமை வருகிறாள். நாலு நாள் இருந்தது. மனைவிக்கு அடுத்த நாள் கோபம் கொஞ்சம் இறங்கி, எனக்காகத் தானே ஒரு பொய்யும் தயாரித்துத் தந்தாள்.

"மோட்டர்க் கம்பி அரிச்சுப் போச்சு எண்டு சொல்லுங்கோ. தகட்டுக் கதை தெரிஞ்சால் அவள் இனி உங்களை மனிசனா மதியாள்."

நாலு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தப் பொய்யைப் பாடமாக்கினேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பாடத்தைப் படித்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பேன்.

சுன்னாகத்தில் இறங்கினவள் என்னைக் கண்டு சிரிக்கவில்லை. பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள். சந்தையைத் தாண்டினதும் நான் தொடங்கினேன்.

"பிள்ளை, கண்டுபிடிச்சிட்டன். செம்பு தான். மோட்டருக்குள்ளை கம்பி அரிச்சுப்போச்சு."

"எந்த மோட்டர்?"

"சின்னது."

"அது பிசினாலை மூடினது அப்பா. உடைஞ்சாலும் செம்பு வெளியிலை வராது."

"அப்ப பெரிசு."

"பெரிசும் தான்."

எனக்குப் பின்னால் இருந்து, காதுக்குக் கிட்ட, மெதுவாகச் சொன்னாள்.

"முயல் செத்த அண்டைக்கும் நாய் கயித்தை அறுத்துப்போட்டு வந்தது எண்டனீங்கள். நான் அண்டைக்கே போய்க் கயித்தைப் பாத்தனான். அறுபடேல்லை."

பதினைந்து வருடம். முயல் செத்ததற்காக என்னை நம்பாமல் விட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டு இருந்தேன். இவள் கயிற்றைப் பார்த்திருக்கிறாள். சின்னப் பிள்ளையில் இருந்தே சோதிக்கிற புத்தி.

ஒரு வெங்காயத் தோட்டத்து வேலிக் கரையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். சேர்ட் பொக்கற்றில் இருந்து தகட்டை எடுத்து நீட்டினேன். எறிந்துவிடுங்கோ என்று மனைவி சொன்னதை ஏன் எறியவில்லை என்று இப்போதும் எனக்குத் தெரியாது. அவள் வாங்கி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். அரித்தது போக மிஞ்சியிருந்த எழுத்தை வாசித்தாள்.

"இது என்ரை நட்சத்திரம்."

"தொட்டி உன்ரை தானே."

"தாளிலை நாலாவது வரி வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"விளங்கினதோ?"

"விளங்கினது. அது தானே ஒளிச்சுத் தாட்டனான்."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தகட்டைக் கைலேஞ்சிக்குள் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வீட்டை போவம்" என்றாள்.

வந்து உடுப்பு மாற்றாமலேயே தொடங்கினாள். உயிர் இருந்ததை எல்லாம் புதுத் தண்ணீர் வாளிக்கு மாற்றினாள். மூன்று பொத்தானும் காளானில் அழுகாத ஒரு துண்டும் தான் தேறின. மணலை அள்ளி வெளியில் கொட்டினாள். கல்லையும் நம்பவில்லை, அதையும் கொட்டினாள். நான் வாளி பிடிக்கப் போனேன். அப்போது தான் அந்த இரண்டு முழத் தீர்ப்பு வந்தது. முழத்தைத் தன் கையால் அளந்து நிலத்தில் கோடும் போட்டாள்.

காளான் சுருங்கின கதையையும் அன்றைக்குத் தான் சொன்னேன். பென்சன்காரர், மிளகாய், எல்லாம். கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேலை மெழுகு மாதிரி மினுங்கினதோ? அஞ்சாறு நாளிலை தோல் கழண்டதோ?"

"ஓம். தகட்டாலை."

"அது தோல் கழட்டிறது அப்பா. இடைக்கிடை கழட்டும். வருத்தமே இல்லை. ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

கணக்கைப் பாருங்கள். வருத்தமே இல்லை. பென்சன்காரர் குற்றவாளி இல்லை. மிளகாய் சொன்னது சரி, தாள் சொன்னது சரி, கடல் தண்ணீர் சரி. அந்த வீட்டில் பழுதாக இருந்த சாமான் ஒன்றே ஒன்று தான், அது இப்போது கோட்டுக்கு வெளியில் கதிரை போட்டுக்கொண்டு இருந்து இதை எழுதுகிறது.

இந்த எட்டு மாதத்தில் மூன்று பொத்தான் ஒரு கையளவு கூட்டமாகிவிட்டது. காளான் துண்டு புதுக் கல்லில் ஒட்டிக் குடை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரிகிறது. எட்டிப் பார்த்துக் கழுத்து நீண்டுவிட்டது எனக்கு. தகடு அவளுடைய மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. எறிந்திருப்பாள் என்று நினைத்தேன், எறியவில்லை. அதைப் பற்றி அவளும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

சொல்ல வந்தது அது இல்லை. நேற்றுப் பின்னேரம் அந்தப் பென்சன்காரர் திரும்ப வந்தார். கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டார். அவருக்குக் கோடு கிடையாது. காளானைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், பாராட்டுவதற்காகத் தொண்டையைச் செருமினார். மனைவி குசினி வாசலில் மிளகாய்ப் போத்தலோடு நிற்கிறாள். நான் சுவரோடு நிற்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும், தோல் கழட்டுகிற விஞ்ஞானம்கூடத் தெரியும், ஆனாலும் என் வாய் என்னைக் கேளாமல் திறந்து, "ஐயா, கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்...

"அப்பா."

நான் இதை எழுதிக்கொண்டிருக்க, மகள் தொட்டியடியில் இருந்து கூப்பிடுகிறாள்.

"என்ன பிள்ளை?"

"கையை வடிவாக் கழுவிப்போட்டு வாங்கோ. சவுக்காரம் போடாதேங்கோ. உந்தக் கல்லை ஒருக்கால் பிடிக்கோணும்."

"ஆர், நானோ?"

"வேறை ஆர் இருக்கினம் இஞ்சை? கெதியா வாங்கோ."

பென்சன்காரர் இந்தக் கதைக்குள்ளேயே தொண்டையைச் செருமினபடி இருக்கட்டும். நான் கை கழுவப் போகிறேன்.